முகவரியின் இலக்கணம்: இணையத்தளம் ஒரு தமிழ்ச் சொல்லுக்கு வழிகாட்டும் முறை

கடை, குடை, கொடை, கோடை, கூடை, குடி ஆகிய ஆறு சொற்களும் ஆறு வேறு பொருள்களைத் தருவன. இவற்றை நூல் தலைப்புகளாகக் கொண்டு, ஒவ்வொன்றிற்கும் இணைய முகவரி ஒன்றை ஆக்கித் தருமாறு பரவலாக வழங்கும் நிரல் ஒன்றைப் பணிப்போமாயின், அது ஆறு தலைப்புகளுக்கும் ‘கட’ என்னும் ஒரே விடையைத் தருகிறது. உயிர்க்குறிகள் யாவும் உதிர்ந்து, மெய்யின் எலும்புக்கூடு மட்டும் எஞ்சுகிறது. அதே நிரல் ‘தமிழ்’ என்னும் சொல்லைத் ‘தமழ’ என்று ஆக்குகிறது.

நிரலர் எவரும் தமிழ்மீது வெறுப்புக் கொண்டு இதனைச் செய்தாரல்லர். ‘எழுத்து என்பது யாது?’ என்னும் வினாவுக்கு ஒரு கணினி மொழி தன்னுள் வைத்திருக்கும் விடையே இதற்குக் காரணம். அவ்விடையை அறிய வேண்டுமாயின், முகவரி ஒன்று உலாவியிலிருந்து புறப்பட்டு நிரலின் உரிய பகுதியைச் சென்றடையும் வழியை முதலில் அறிதல் வேண்டும். பைத்தான் மொழியில் எழுதப்படும் இணையச் செயலிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வழியை இக்கட்டுரை விளக்குகிறது. நிரலாக்கம் பயிலாதாரும் இதனைப் பின்தொடரலாம். இலக்கணம் பயின்றார்க்கு இதன் பெரும்பகுதி முன்பே பழகியதாகத் தோன்றவும் கூடும்.

முகவரியின் உறுப்புகள்

இணைய முகவரியின் அமைப்பு 1994ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியான ஆவணமொன்றில் வரையறுக்கப்பட்டது. உலகளாவிய வலையைத் தோற்றுவித்த டிம் பெர்னர்ஸ்-லீ அதன் ஆசிரியருள் ஒருவர். முகவரியை நாம் மூன்று உறுப்பாகப் பகுத்துக் கொள்ளலாம். முதலுறுப்பு, எவ்வகை நெறிமுறையால் பேசுவது என்பதைக் கூறும். இரண்டாம் உறுப்பு களப்பெயர். எந்தக் கணினியை நாடுவது என்பதைக் கூறும். மூன்றாம் உறுப்பு பாதை. அக்கணினியிடம் எதனைக் கேட்பது என்பதைக் கூறும். பாதையின் கூறுகள் சாய்கோட்டால் பிரிக்கப்படுகின்றன. ‘/நூல்/25’ என்பது ஒரு பாதை.

களப்பெயரும் பாதையும் தமிழை ஏற்கும் முறைகள் வேறு வேறானவை. ‘.சிங்கப்பூர்’ என்று தமிழிலேயே முடியும் களப்பெயர்கள் 2011ஆம் ஆண்டு முதல் உள்ளன. அத்தகைய களப்பெயர் உள்ளே ரோமன் எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு சுருக்க வடிவமாக மாற்றப்பட்டே பயணம் செய்கிறது. பாதையில் உள்ள தமிழ் வேறொரு முறையில் மாறுகிறது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகச் சேமிக்கப்படும். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக, மூன்று உருக்களாக எழுதப்படும். ஆகவே ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ஒன்பது உருக்கள் ஆகின்றன.

‘திருக்குறள்’ என்பது நம் கணக்கில் ஆறு எழுத்து. உயிர்க்குறிகளையும் புள்ளிகளையும் தனித்தனியே எண்ணும் ஒருங்குறிக் கணக்கில் அது பதினொரு குறியீடு. பைட்டுக் கணக்கில் 33. முகவரிக் கணக்கில் 99 உருக்கள். தமிழ் முகவரி ஒன்றைப் படியெடுத்துக் குறுஞ்செய்தியில் இட்டால், சில வேளைகளில் விழுக்காட்டுக் குறிகள் நிறைந்த நீண்ட கோவை தோன்றுவது இதனாலேயே. அது பழுதன்று, அதே சொல்லின் பயண உடை.

கோரிக்கை வந்து சேரும் வழி

உலாவி அனுப்பும் கோரிக்கையின் முதல் வரியில் இரு செய்திகள் முதன்மையானவை. ஒன்று செயல்முறை: பக்கத்தைக் காட்டுக என்று கேட்பதா, படிவத்தைப் பெற்றுக்கொள்க என்று கொடுப்பதா என்பது. மற்றொன்று பாதை. வழங்கிக் கணினி இவ்விரண்டையும் பைத்தான் செயலியிடம் ஒப்படைக்கிறது. இவ்வொப்படைப்புக்கென ஒரு பொது நியமம் 2003ஆம் ஆண்டு எழுதப்பட்டு, பைத்தானின் மூன்றாம் பதிப்புக்கு ஏற்ப 2010ஆம் ஆண்டில் திருத்தப்பட்டது.

செயலியினுள் செயற்கூறுகள் பல இருக்கும். நூலகம் ஒன்றின் தளத்தை எண்ணிக் கொள்வோம். நூற்பட்டியலைக் காட்டுவது ஒரு செயற்கூறு. ஒரு நூலின் விவரத்தைக் காட்டுவது மற்றொன்று. ஆசிரியர் குறிப்பைக் காட்டுவது வேறொன்று. வந்திருக்கும் பாதை இவற்றுள் எதற்கு உரியது என்று தேர்ந்து, அதனிடம் சேர்ப்பிக்கும் பணியே வழிப்படுத்தல் எனப்படும். பாதை எதனோடும் பொருந்தவில்லையெனில் 404 என்னும் எண்ணோடு ‘காணப்படவில்லை’ என்ற விடை செல்லும். பாதை பொருந்தியும் செயல்முறை பொருந்தாவிடில், அதனைக் குறிக்கும் எண் 405.

பழைய இணையத்தளங்களில் பாதை என்பது பெரும்பாலும் வழங்கிக் கணினியில் உள்ள கோப்பின் இருப்பிடமாகவே இருந்தது. கோப்பு இடம் மாறினால் முகவரி இறந்துபடும். வழிப்படுத்தல் அப்பிணைப்பை அறுத்தது. முகவரி இப்போது கோப்பின் நிழலன்று; ஆக்கியோன் தெரிந்தெடுத்து இட்ட பெயர். பெயரிடும் உரிமை வந்த இடத்தில் எம்மொழியில் பெயரிடுவது என்னும் வினாவும் வந்துவிடுகிறது.

இரு சட்டகங்கள்

பைத்தானில் இணையச் செயலி எழுதுவோர் பெரிதும் பயன்படுத்தும் சட்டகங்களுள் இரண்டு ஜாங்கோவும் பிளாஸ்க்கும் ஆகும். ஜாங்கோ, அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் லாரன்ஸ் நகர நாளிதழ் ஒன்றின் இணையப் பிரிவில் பணிபுரிந்த அட்ரியன் ஹொலோவாட்டி, சைமன் வில்லிசன் ஆகியோரால் தொடங்கப்பெற்று 2005ஆம் ஆண்டு பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. பிளாஸ்க்கை ஆர்மின் ரோனாகர் 2010ஆம் ஆண்டு வெளியிட்டார்.

ஜாங்கோவில் பாதைகள் யாவும் ஒரு பட்டியலில் நிரல்படத் தொகுக்கப்படும். ஒவ்வொரு வரியும் ஒரு பாதைக் கோலத்தையும் அதற்குரிய செயற்கூற்றையும் இணைக்கும். பிளாஸ்க்கில் ஒவ்வொரு செயற்கூற்றின் தலைமேலும் அதற்குரிய பாதை நெற்றிப்பட்டம் போல் எழுதப்படும். முன்னது நூலின் தொடக்கத்தில் வரும் பொருளடக்கம் போன்றது. பின்னது ஒவ்வோர் இயலின் முகப்பிலும் வரும் தலைப்புப் போன்றது.

இரண்டிலும் பாதைக் கோலத்துள் மாறும் இடங்களை விடலாம். ‘/நூல்/<எண்>’ என்று எழுதினால், முதற்கூறு மாறாதது. இரண்டாம் கூறு எந்த எண்ணாகவும் இருக்கலாம். இங்கு விளக்கத்தின் பொருட்டு மாறியின் பெயரைத் தமிழில் தந்துள்ளேன். மாறும் இடத்தில் வரத்தக்கது எண்ணா, சொல்லா, சாய்கோடும் உள்ளடங்கிய நெடும்பாதையா என்று வகை குறிக்கவும் இயலும். பெயர்ச்சொல் வரும் இடத்தில் இன்ன வேற்றுமை உருபே வரும் என்று நாம் வரையறுப்பதை இது ஒக்கும்.

வகை குறிப்பதில்தான் முதற் சிக்கல் தோன்றுகிறது. பைத்தான் மொழி ௧௨ என்னும் தமிழ் எண்ணுருவைக் கண்டால் அதனை 12 என்றே படிக்கும். ஆயினும் ஜாங்கோவின் எண் வகை 0 முதல் 9 வரையுள்ள உருக்களை மட்டும் ஏற்கும். அவ்வாறே, ஜாங்கோவில் ‘ஸ்லக்’ எனப்படும் சுருக்கப்பெயர் வகை ரோமன் எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு ஆகியவற்றை மட்டுமே ஏற்கும். அவ்வகையைக் குறித்த இடத்தில் தமிழ்ச் சொல் வந்தால் கோலம் பொருந்தாது. பயனர்க்கு 404 கிட்டும். சாய்கோடு தவிர்ந்த எதனையும் ஏற்கும் பொதுச்சொல் வகையைக் குறித்தால் தமிழ் தடையின்றிச் செல்லும். பிளாஸ்க்கில் வகை குறிக்காவிடில் இயல்பாக அமைவது இப்பொதுச்சொல் வகையே. ஒரு தளம் தமிழ் முகவரியை ஏற்கிறதா இல்லையா என்பது பல வேளைகளில் இந்த ஒரு சொல் தெரிவைப் பொறுத்ததே.

பொதுவிதியும் சிறப்புவிதியும்

ஒரு பாதை இரண்டு கோலங்களோடு பொருந்துமாயின் எது வெல்லும்? இலக்கணிகள் நெடுங்காலம் ஆராய்ந்த வினா இது. உயிரீற்றின் முன் க, ச, த, ப வந்தால் அவ்வல்லெழுத்து மிகும் என்பது நன்னூல் கூறும் பொதுவிதி. பலா என்பதனோடு காய் சேர்ந்து பலாக்காய் ஆகிறது. சில மரப்பெயர்களின் முன் இனமான மெல்லெழுத்து மிகும் என்பது சிறப்புவிதி; மா என்பதனோடு காய் சேர்ந்து மாங்காய் ஆகிறது. சிறப்புவிதி தனக்குரிய இடத்தில் பொதுவிதியை விலக்கும். நூலில் எது முன், எது பின் என்பது அங்கு முடிவு செய்வதில்லை.

பிளாஸ்க் இந்நெறியை ஒட்டியது. ‘/நூல்/புதியவை’ என்னும் மாறாத கோலமும் ‘/நூல்/<பெயர்>’ என்னும் மாறும் கோலமும் இருந்தால், எந்த வரிசையில் எழுதப்பட்டிருப்பினும் மாறாத கோலமே முதலில் பார்க்கப்படும். ஜாங்கோ வேறு நெறியைக் கொண்டது. பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்து, முதலிற் பொருந்துவதோடு நின்றுவிடும். மாறும் கோலம் மேலே நின்றால் ‘புதியவை’ என்பதும் ஒரு நூலின் பெயராகவே கொள்ளப்பட்டு, அப்பெயரில் நூல் இல்லை என்ற விடை வரும். கீழே எழுதிய சிறப்புவிதி ஒருநாளும் செயற்படாது. ஜாங்கோவில் சிறப்புவிதியை மேலே வைக்க வேண்டியது எழுதுவோர் கடமை.

இரு நெறிகளுக்கும் நன்மை உண்டு. முன்னதில் வரிசையைப் பற்றிக் கவலையில்லை. பின்னதில் நடப்பது யாது என்பதைப் பட்டியலைப் படித்தே அறியலாம்.

பகுத்தலும் புணர்த்தலும்

இலக்கணம் வந்த சொல்லைப் பகுத்துக் காட்டுவது மட்டுமன்று. பகுதியும் விகுதியும் தந்தால் சொல்லை ஆக்கிக் காட்டுவதும் அதன் தொழில். வழிப்படுத்தலும் இவ்விரு திசையிலும் இயங்கும். பாதையைப் பெற்றுச் செயற்கூற்றைக் கண்டறிவது பகுத்தல். செயற்கூற்றின் பெயரும் நூலின் எண்ணும் தந்து, அதற்குரிய பாதையை ஆக்குமாறு சட்டகத்தைக் கேட்பது புணர்த்தல். ஜாங்கோவும் பிளாஸ்க்கும் இதற்கெனச் செயற்கூறுகளைத் தந்துள்ளன.

இதன் பயன் பெரிது. தளத்தின் நூறு பக்கங்களில் பாதைகளைக் கையால் எழுதி வைத்தால், ஒரு கோலத்தை மாற்றும்போது நூறு இடத்திலும் மாற்ற வேண்டும். ஒன்று விடுபட்டால் அவ்விணைப்பு அறுந்துவிடும். சட்டகத்தைக் கொண்டு ஆக்கினால் ஓரிடத்தில் மாற்றுவது போதும். விழுக்காட்டுக் குறியிடுதலையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஆயினும் தளத்துக்கு வெளியே சென்றுவிட்ட முகவரிகளை இவ்வசதி காப்பாற்றாது. பள்ளிப் பயிற்சித்தாளில் அச்சான முகவரியும், ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் உள்ள முகவரியும் அச்சிட்டபடியே இருக்கும். நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை டிம் பெர்னர்ஸ்-லீ 1998ஆம் ஆண்டிலேயே வலியுறுத்தி எழுதினார். மாற்றியே தீர வேண்டுமாயின், பழைய பாதைக்கு ஒரு வரி எழுதி, நிலையாக இடம்பெயர்ந்தமையைக் குறிக்கும் 301 என்னும் விடையோடு புதிய பாதைக்கு அனுப்புதல் வேண்டும்.

எழுத்து என்பது யாது?

இனித் தொடக்கத்திற் கண்ட வினாவுக்கு வருவோம். தலைப்பைச் சுருக்கப்பெயராக மாற்றுதற்கு ஜாங்கோவில் ஒரு செயற்கூறு உண்டு. அது இயல்புநிலையில் ரோமன் அல்லாத எழுத்துகள் அனைத்தையும் நீக்கிவிடும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் விடை வெறுமை. 2015ஆம் ஆண்டு வெளியான 1.9ஆம் பதிப்பிலிருந்து, ஒருங்குறி எழுத்துகளை இருக்க விடுக என்று அதற்குக் கூறும் வசதி சேர்க்கப்பட்டது. அவ்வசதியைப் பயன்படுத்தும்போதுதான் ‘தமழ’ பிறக்கிறது.

காரணம் இது. அச்செயற்கூறு, சொல்லில் வரத்தக்க எழுத்து அல்லாதவற்றை நீக்குகிறது. சொல்லில் வரத்தக்க எழுத்து எது என்பதற்குப் பைத்தானோடு இயல்பாக வரும் கோலம் பொருத்தும் நூலகத்தை நம்புகிறது. அந்நூலகம், ஒருங்குறி அட்டவணையில் எழுத்து என்றும் எண் என்றும் வகைப்படுத்தப்பட்டவற்றையும் அடிக்கோட்டையும் மட்டும் ஏற்கிறது. தமிழின் அகரமேறிய மெய்களும் தனி உயிர்களும் எழுத்து வகையில் உள்ளன. கால், கொம்பு, சுழி முதலான உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘சேர்குறி’ என்னும் வேறொரு வகையில் உள்ளன. எனவே அவை எழுத்தல்ல என்று கழிக்கப்படுகின்றன.

தமிழ் மரபு இதனை ஒருபோதும் ஒப்பாது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என நாம் எண்ணும் 247இல் ‘கி’ என்பது ஓர் எழுத்து. ககரமும் அதனோடு ஒட்டிய ஒரு குறியும் அன்று. புள்ளி பெறுவதே மெய்க்கு இயல்பு என்பது தொல்காப்பியக் கொள்கை. புள்ளியை நீக்கினால் மெய் உயிர்மெய்யாகிவிடும். அது ஓர் அணிகலனை நீக்குவதன்று. ஓர் ஒலியைச் சேர்ப்பது.

ஒருங்குறி அட்டவணையையும் இதற்குக் குறை கூறுதல் பொருந்தாது. சேர்குறி எனத் தனிவகை செய்தது, எழுத்துருக்களை அமைப்பதற்கும் பிறவற்றுக்கும் வேண்டியதே. கோலம் பொருத்துதல் பற்றி ஒருங்குறி அமைப்பே வெளியிட்டுள்ள 18ஆம் எண் தொழில்நுட்ப நியமம், சேர்குறிகளையும் சொல்லெழுத்தாகக் கொள்ளுமாறு கூறுகிறது. பைத்தானின் இயல்பு நூலகம் அதனைப் பின்பற்றவில்லை. பைத்தான் மொழியின் மற்றொரு பகுதி பின்பற்றுகிறது என்பதுதான் வியப்பு: மூன்றாம் பதிப்பு முதல் மாறிகளுக்குத் ‘தமிழ்’ என்றே பெயரிடலாம், அங்கே புள்ளியும் உயிர்க்குறியும் முறையாக ஏற்கப்படுகின்றன. ஒரே மொழி, ஓரிடத்தில் நம் சொல்லைச் சொல்லாக ஏற்று, மற்றோரிடத்தில் அதே சொல்லைச் சிதைக்கிறது.

இது சிங்கப்பூர்ச் சூழலில் தனிக்கவனம் பெறத்தக்கது. நான்கு ஆட்சிமொழிகளிலும் பெயர் வைத்த பக்கங்களை உடைய ஒரு தளத்தை எண்ணுங்கள். ஆங்கிலமும் ரூமி எழுத்தில் எழுதும் மலாயும் எவ்விடரும் இன்றிச் செல்லும். சீன எழுத்துகள் எழுத்து வகையிலேயே உள்ளமையால், ஒருங்குறி வசதியைத் திறந்தவுடன் அவையும் முழுமையாகச் செல்லும். சோதித்துப் பார்ப்பவர் சீனப் பக்கம் சரியாக இருப்பதைக் கண்டு, பன்மொழி வேலை முடிந்தது என்றே கருதுவார். சிதைவது நான்காம் மொழி மட்டும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் பார்த்தாலன்றி அச்சிதைவு எவர் கண்ணிலும் படாது; நிரல் எவ்வித எச்சரிக்கையும் தராது.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு

மற்றுமொரு சிக்கல் உண்டு. ‘கொ’ என்பதன் உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினி பொருத்திப் பார்க்கும்போது இரண்டும் வேறு சொற்கள். ஒரு வடிவத்தில் சேமித்த ‘கொடை’யை மற்றொரு வடிவத்தில் தட்டெழுதித் தேடினால் 404 வரும். இதற்குத் தீர்வு எளிது. இருவடிவையும் ஒருவடிவாக்கும் ஒழுங்குபடுத்தல் முறையை ஒருங்குறியே வரையறுத்துள்ளது. பைத்தானில் அதற்கு ஒரே வரி போதும். சேமிக்கும்போதும் வரும் பாதையைப் படிக்கும்போதும் அதனைச் செய்தல் வேண்டும்.

ஆனால் ‘கௌ’ என்பதன் வலப்பக்கக் குறிக்கு மாற்றாக ளகரத்தை இட்டுத் தட்டெழுதும் வழக்கத்தை ஒழுங்குபடுத்தல் திருத்தாது. அங்கே ளகரம் உண்மையாகவே வேறோர் எழுத்து. ‘ஸ்ரீ’ என்பதை இரு வேறு மெய்களைக் கொண்டு எழுதும் வழக்கமும் இத்தகையதே. இவற்றைத் திருத்தத் தமிழறிந்தவர் எழுதிய தனிவிதி வேண்டும்.

செய்யத்தக்கன

இச்சிக்கல்களைக் கண்டு, ரோமன் எழுத்துக்கே திரும்பிவிடலாம் என்பாரும் உளர். அது தீர்வாகாது. ழகரத்தையும் நெடிலையும் ரோமனில் எழுதுவதில் ஒருவர்க்கொருவர் வேறுபடுகின்றனர். ஒரே ஆசிரியர் பெயருக்கு நான்கு முகவரி தோன்றும். கொடையும் கோடையும் அங்கும் ஒன்றாகக் கூடும்.

தளம் அமைக்கச் செய்யும் அமைப்புகள் நிரலரிடம் ஐந்து வேண்டுகோள்களை முன்வைக்கலாம். முதலாவது, தமிழ் வரும் இடங்களில் ரோமன் மட்டும் ஏற்கும் வகையைக் குறிக்க வேண்டா. பொதுச்சொல் வகையையோ தாமே வரையறுத்த வகையையோ குறிக்கட்டும். இரண்டாவது, சுருக்கப்பெயர் ஆக்கும்போது ஒருங்குறியின் எழுத்து, சேர்குறி, எண் ஆகிய மூன்று வகைகளையும் காக்கும் சிறு செயற்கூறு ஒன்றைத் தாமே எழுதிக்கொள்ளட்டும்; அது பத்து வரியைத் தாண்டாது. ஒருங்குறிப் பெயர்களுக்கென ஜாங்கோ தரும் சரிபார்ப்பும் அதே குறையுடைய வரையறையையே நம்புவதால், அதனையும் மாற்ற வேண்டும். மூன்றாவது, ஒழுங்குபடுத்தலை வாயிலிலேயே செய்யட்டும். நான்காவது, ‘/நூல்/25/கொடை’ என்பது போல எண்ணையும் பெயரையும் சேர்த்துப் பாதை அமைக்கட்டும். அடையாளம் காண்பது எண்ணின் பணி. படிப்போர்க்குப் பொருள் சொல்வது பெயரின் பணி. பெயர் பின்னர்த் திருத்தப்பட்டாலும் எண் வழி காட்டும். ஐந்தாவது, சோதனைச் சொற்களின் பட்டியலில் தமிழும் இடம்பெறட்டும்.

அப்பட்டியலை நிரலர் தாமே ஆக்க இயலாது. தமிழறிந்தோர் ஆக்கித் தருதல் வேண்டும். கடை, குடை, கொடை, கோடை, கூடை, குடி என்னும் ஆறும், புள்ளியில் முடியும் சொல் ஒன்றும், ஆய்தம் வரும் சொல் ஒன்றும், ஔகாரம் ஏறிய சொல் ஒன்றும் இருந்தால் போதும். ஒன்பது சொற்களை உள்ளிட்டு, ஒன்பது வேறு முகவரிகள் பிழையின்றி வருகின்றனவா என்று பார்ப்பது அரைமணி நேர வேலை. அடுத்த முறை ஒரு தமிழ்த் தளம் உங்கள் ஒப்புதலுக்கு வரும்போது, முகப்புப் படத்தின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அந்த ஒன்பது சொற்களையும் கேட்டுப் பாருங்கள்.